மலிவு விலையின் மறுபக்கம்: சாமான் வாங்கும் கடையை எப்படித் தெரிவு செய்வது?

புலம்பெயர்ந்து வந்த எம்மவர்களில் பலருக்கு முதல் வேலை கிடைத்த இடம் ஒரு கடையின் பின்புறம்தான். பெட்டி இறக்குவது, மரக்கறி துடைத்து அடுக்குவது, மீன் வெட்டுவது, இரவில் தரை கழுவுவது, காசு வாங்கும் மேசைக்குப் பின்னால் எட்டு மணித்தியாலம் நின்றபடியே நிற்பது. இன்றும் ரொறன்ரோ பெரும்பாகத்தில் அந்த வேலைகளை எமது பிள்ளைகளும், அண்மையில் படிக்க வந்த மாணவர்களும், ஐம்பது வயதைத் தாண்டிய அம்மாமாரும் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் சனிக்கிழமை சாமான் வாங்கப் போகும்போது நாம் பார்ப்பது விலைத் துண்டை மட்டும்தான். அந்தச் சாமானை எடுத்து வைத்தவருக்கு என்ன சம்பளம், ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று நாம் கேட்பதில்லை.

கேட்க வேண்டும் என்றே நாம் கருதுகிறோம். எப்படிக் கேட்பது, எதைப் பார்ப்பது, எந்தக் கேள்விக்கு எங்கே பதில் கிடைக்கும் என்பதைத் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். எம்மவர்கள் அதிகமாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தை முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம். ஏனைய நாடுகளில் வாழ்வோர் தத்தம் நாட்டுச் சட்டங்களோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

மலிவான கடை என்றால் மோசமான கடையா?

"நல்ல சம்பளம் கொடுக்கும் கடையில் விலை கூடவாகத்தானே இருக்கும்?" இதுதான் பலரும் முதலில் கேட்பது. அப்படி ஒரு கட்டாயம் இல்லை. மொத்தமாக வாங்க நாம் செல்லும் கொஸ்ற்கோ விலையிலும் மலிவு. அங்கு கொடுக்கப்படும் மணித்தியாலச் சம்பளமும் இத்துறையின் வழக்கத்தைவிட உயர்ந்தது என்பது நீண்டகாலமாக அறியப்பட்ட விடயம். வேலையாட்கள் நீடித்து நிற்பதால் புதியவர்களைத் தேடிப் பழக்கும் செலவு குறைகிறது. மறுபுறம், விலை கூடிய கடையில் சம்பளமும் கூடுதலாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

இன்னொன்றையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பெயர்ப்பலகை வேறாக இருந்தாலும் உரிமையாளர் ஒருவராக இருக்கலாம். நோ பிரில்ஸ், சுப்பர்ஸ்ரோர், மீனும் கீரையும் வாங்க நாம் போகும் ரி அன்ட் ரி, மருந்து வாங்கும் ஷொப்பர்ஸ் ஆகிய அனைத்தும் லொப்லோ நிறுவனத்துக்குச் சொந்தமானவை. ரி அன்ட் ரி 2009 ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் கைக்குப் போனது. பிரெஷ்கோ, சோபீஸ் நிறுவனத்தின் மலிவுக் கடை. புட் பேசிக்ஸ், மெற்றோவினுடையது. ஒரு கடையில் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகும்போது காசு அதே பைக்குள்தான் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

அதேவேளை ஒரே நிறுவனத்துக்குள்ளும் கடைக்குக் கடை வேறுபாடு உண்டு. நோ பிரில்ஸ் கடைகளைத் தனித்தனி உரிமையாளர்களே நடத்துகிறார்கள். ஒரு கடையில் வேலை நேரம் ஒழுங்காக இருக்கலாம், அடுத்த தெருவில் உள்ள கடையில் வேறு மாதிரி இருக்கலாம். ஆகவே நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

இரண்டு டொலரின் கதை

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் ஊரே வீட்டுக்குள் அடைந்தபோது, கடைத் தொழிலாளர்கள் வேலைக்குப் போனார்கள். அவர்களை "வீரர்கள்" என்று பாராட்டிய லொப்லோ, மெற்றோ, சோபீஸ் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ இரண்டு டொலர் கூட்டிக் கொடுத்தன. அதே ஆண்டு ஜூன் நடுப்பகுதியில், தொற்று ஓயாத நிலையில், மூன்று நிறுவனங்களும் ஒரே காலத்தில் அதை நிறுத்தின. மேலதிகாரிகள் நாடாளுமன்றக் குழுவின் முன் அழைக்கப்பட்டார்கள். தனித்தனியாக எடுத்த முடிவுகளே என்று சொன்னார்கள். அந்த விவாதத்தின் தொடர்ச்சியாகப் போட்டிச் சட்டம் திருத்தப்பட்டது. தொழில் வழங்குனர்கள் தமக்குள் பேசிச் சம்பளத்தைக் கட்டுப்படுத்துவது 2023 ஜூன் மாதத்திலிருந்து கனடாவில் குற்றமாகும்.

அதன் பின்னர் உணவு விலை ஏறியது, வீட்டு வாடகையும் ஏறியது. 2023 ஜூலை இறுதியில் ரொறன்ரோ பெரும்பாகத்தில் உள்ள 27 மெற்றோ கடைகளின் 3,700 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். யூனிபோர் தொழிற்சங்கத்தின் தலைவர்கள் நிறுவனத்தோடு செய்துகொண்ட முதல் உடன்பாட்டைத் தொழிலாளர்கள் வாக்களித்து நிராகரித்த பின்னரே அந்த வேலைநிறுத்தம் தொடங்கியது. தாம் அடுக்கும் சாமானைத் தம்மாலேயே வாங்க முடியவில்லை என்பதே அவர்களின் குறை. ஒரு மாதத்துக்கு மேல் நடந்த போராட்டத்தின் முடிவில், முழுநேரத் தொழிலாளர்களுக்கும் நீண்டகாலப் பகுதிநேரத் தொழிலாளர்களுக்கும் உடனடியாக மணித்தியாலத்துக்கு ஒன்றரை டொலர் கூடியது. 2020 இல் பறிபோன இரண்டு டொலரை மூன்று ஆண்டுகளின் பின் வீதியில் நின்று மீட்க வேண்டியிருந்தது என்று சொன்னால் தவறில்லை.

தொழிற்சங்கம் இருப்பதும் இல்லாததும்

ஒரு கடையில் தொழிற்சங்கம் இருந்தால் சம்பள அளவு, மூப்பு, வேலை நேரம், முறைப்பாட்டு நடைமுறை எல்லாம் எழுத்தில் இருக்கும். ஒன்ராறியோவில் இந்தக் கூட்டு ஒப்பந்தங்களைத் தொழில் அமைச்சின் இணைய நூலகத்தில் யாரும் தேடிப் படிக்கலாம். நீங்கள் போகும் கடையின் பெயரைப் போட்டுப் பார்த்தால், தொடக்கச் சம்பளம் எவ்வளவு, உச்சச் சம்பளத்தை எட்ட எத்தனை மணித்தியாலம் வேலை செய்ய வேண்டும் என்பதெல்லாம் தெரியவரும். வாசிக்க அலுப்பான ஆவணம்தான். ஆனால் கடைகள் செய்யும் எந்த விளம்பரத்தைவிடவும் அதில் உண்மை அதிகம்.

தொழிற்சங்கம் இருந்துவிட்டால் எல்லாம் சரி என்று எண்ணவும் கூடாது. பல ஒப்பந்தங்களில் முழுநேரத்தவருக்கு ஒரு நிலை, பகுதிநேரத்தவருக்கு இன்னொரு நிலை என்று இரண்டு தட்டுகள் உண்டு. கடையில் நாம் காணும் முகங்களில் பெரும்பாலானவை இரண்டாவது தட்டைச் சேர்ந்தவை.

தொழிற்சங்கத்தைக் கண்டு சில நிறுவனங்கள் எவ்வளவு அஞ்சுகின்றன என்பதற்குக் கியூபெக்கின் ஜோன்கியேர் நகரம் சாட்சி. அங்குள்ள வோல்மார்ட் கடையில் 2004 இல் தொழிற்சங்கம் அங்கீகரிக்கப்பட்டது. முதல் ஒப்பந்தம் முடிவாகும் முன்னரே, 2005 ஏப்ரலில், நிறுவனம் கடையை மூடியது. ஏறத்தாழ 190 பேர் வேலை இழந்தார்கள். அது சட்டத்துக்கு முரணானது என்று கனடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014 இல். நீதி கிடைக்க ஒன்பது ஆண்டுகள். இருந்தும் மனிதர்கள் மனம் தளரவில்லை. 2024 செப்டெம்பரில் மிசிசாகாவில் உள்ள வோல்மார்ட் களஞ்சியத் தொழிலாளர்கள் வாக்களித்து யூனிபோரில் இணைந்தார்கள்.

சட்டம் தரும் அடிப்படை

ஒரு கடையை மதிப்பிட முதல் அளவுகோல் சட்டம். சட்டத்தைக்கூட மதிக்காத கடை மற்ற எதில் சிறந்தாலும் பயனில்லை. ஒன்ராறியோவின் வேலை நியமச் சட்டத்தில் எமது குடும்பங்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியவை இவை:

– குறைந்தபட்சச் சம்பளம் 2024 ஒக்ரோபரில் மணித்தியாலத்துக்கு 17.20 டொலர் ஆனது, 2025 ஒக்ரோபரில் 17.60 டொலராக உயர்ந்தது. 18 வயதுக்குக் குறைந்த மாணவருக்கு இது சற்றுக் குறைவு.

– வாரத்தில் 44 மணித்தியாலத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு சம்பளம்.

– விடுமுறைக் கொடுப்பனவு குறைந்தது 4 சதவீதம், ஐந்து ஆண்டுகள் வேலை செய்தவருக்கு 6 சதவீதம்.

– தொடர்ந்து ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இடையில் அரை மணித்தியாலச் சாப்பாட்டு நேரம் தர வேண்டும்.

– வழமையாக மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்பவரைக் கூப்பிட்டுவிட்டு, "இன்று ஆட்கள் குறைவு, வீட்டுக்குப் போ" என்று இடையில் அனுப்பினால், பொதுவாக மூன்று மணித்தியாலச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

– வேலைக்குத் தேவையென்று முதலாளி கேட்கும் பயிற்சியும் வேலை நேரமே. "இரண்டு நாள் சும்மா வந்து பழகு" என்பது சட்டப்படி இல்லை.

– பலர் கை வைக்கும் காசுப் பெட்டியில் குறைந்த காசை ஒருவரின் சம்பளத்தில் வெட்ட முடியாது. அவர் எழுதிக் கொடுத்திருந்தாலும் முடியாது.

– ஒவ்வொரு சம்பளத்துடனும் கணக்குத் துண்டு கொடுக்க வேண்டும்.

சம்பளம் வராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் தொழில் அமைச்சிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. முறையிட்டதற்காக வேலையால் நிறுத்துவதும் வேலை நேரத்தைக் குறைப்பதும் சட்ட விரோதம்.

குறைந்தபட்சச் சம்பளம் என்பது வாழப் போதுமான சம்பளம் அல்ல என்பதையும் மறக்கக்கூடாது. ஒன்ராறியோ வாழ்வூதிய வலையமைப்பு 2024 இல் ரொறன்ரோ பெரும்பாகத்துக்குக் கணித்த வாழ்வூதியம் மணித்தியாலத்துக்கு 26 டொலர். சட்டத்துக்கும் வாழ்க்கைக்கும் இடையில் அன்று இருந்த இடைவெளி ஏறக்குறைய ஒன்பது டொலர்.

எமது கடைகள்

இதுவரை எழுதியதில் யாருக்கும் மனவருத்தம் இருக்காது. பெரிய நிறுவனங்களைக் குறை சொல்வது சுலபம். எமது கடைகளைப் பற்றிப் பேசுவதுதான் கடினம். ஆனால் அதைத் தவிர்த்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

தமிழ்க் கடைகள் எமக்கு வெறும் கடைகள் அல்ல. முருங்கைக்காயும் ஒடியல் மாவும் கிடைக்காத நாட்டில் அவற்றை வரவழைத்துத் தந்தவை அவை. ஆங்கிலம் தெரியாமல் வந்தவருக்கு முதல் வேலை கொடுத்தவை, ஊர்ச் சங்கங்களுக்கும் பள்ளிக்கூட விழாக்களுக்கும் கேட்டபோதெல்லாம் காசு கொடுத்தவை. கணவனும் மனைவியும் விடியற்காலையிலிருந்து இரவு வரை தாமே நின்று நடத்தும் கடைகள் பல. வாடகையும் மின்கட்டணமும் ஏற, பெரிய நிறுவனங்களே தோசை மாவையும் சிவப்பரிசியையும் விற்கத் தொடங்கிய பின்னர், அவர்களின் இலாபம் மிகவும் சுருங்கிவிட்டது. சட்டப்படி சம்பளம் கொடுத்து, வேலை செய்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மதிப்போடு நடத்தும் முதலாளிமார் எம்மிடையே இருக்கிறார்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. சம்பளத்தைக் கையில் காசாக, குறைந்தபட்சத்துக்கும் கீழே கொடுப்பது, "எங்கட பெடியன்தானே" என்று பன்னிரண்டு மணித்தியாலம் நிற்க வைப்பது, கணக்குத் துண்டே இல்லாமல் விடுவது எல்லாம் நடக்கின்றன என்பது எம்மில் பலருக்கும் தெரியும்.

கையில் காசு வாங்குவது வேலை செய்பவருக்கும் இலாபம்தானே, வரி இல்லையே என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். பதிவில் இல்லாத வேலைக்குக் கனடா ஓய்வூதியத் திட்டத்தில் முதலாளி கட்ட வேண்டிய பங்கு கட்டப்படுவதில்லை. வேலையிழப்புக் காப்புறுதிக்கு, வசிக்கும் பகுதியைப் பொறுத்து 420 முதல் 700 மணித்தியாலம் வரை பதிவில் இருக்க வேண்டும், மகப்பேற்றுக் கொடுப்பனவுக்கு 600 மணித்தியாலம் வேண்டும். பதிவே இல்லாதவருக்கு எதுவும் கிடையாது. வீட்டுக் கடனுக்குப் போனால் காட்ட ரி-4 படிவம் இல்லை. நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும்போது வேலை அனுபவத்தை நிரூபிக்க வழியில்லை. கையில் விழுந்த டொலர்களைவிட இழந்தவை அதிகம், அந்த இழப்பு அறுபத்தைந்து வயதில்தான் முழுமையாகத் தெரியும்.

மாணவர்களின் நிலை இன்னும் இக்கட்டானது. வெளிநாட்டு மாணவர்கள் படிப்புக் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணித்தியாலம் மட்டுமே வேலை செய்யலாம் என்பது 2024 நவம்பரிலிருந்து உள்ள விதி. வாடகைக்கும் கட்டணத்துக்கும் அது போதாது. அதற்கு மேலே செய்யும் வேலை மறைவாகிறது. மறைவான வேலைக்குப் பேரம் பேசும் பலம் கிடையாது. அதேபோல, வேலை அனுமதிக்கான தொழிற்சந்தை மதிப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குவதும் நடக்கிறது. அந்த விண்ணப்பத்தின் 1,000 டொலர் கட்டணம் முதலாளி கட்ட வேண்டியது. அதைத் தொழிலாளியிடம் அறவிடுவது சட்ட விரோதம். ஒரே முதலாளியோடு கட்டப்பட்ட அனுமதியில் வந்து துன்புறுத்தப்படுபவர்களுக்கு, வேறிடத்தில் வேலை செய்யத் திறந்த அனுமதி கேட்கும் வழியொன்று 2019 இலிருந்து உண்டு. இது தெரியாமல் சகித்துக்கொண்டிருப்பவர்கள் பலர். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

கடைக்குப் பின்னால் இருக்கும் கைகள்

கடையில் தெரியும் தொழிலாளியோடு விடயம் முடிவதில்லை. ஒன்ராறியோத் தக்காளியும் வெள்ளரிக்காயும் பெரும்பாலும் லெமிங்ரன் பகுதியின் கண்ணாடி வீடுகளில் விளைகின்றன. அங்கு வேலை செய்வோர் பலர் ஜமேக்கா, மெக்சிக்கோ போன்ற நாடுகளிலிருந்து பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டத்தில் வருபவர்கள். 1966 இல் ஜமேக்காவோடு தொடங்கிய அத்திட்டத்தில் 1974 இல் மெக்சிக்கோ சேர்ந்தது. ஆண்டுக்கு எட்டு மாதம் வரை குடும்பத்தைப் பிரிந்து உழைத்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். ஒன்ராறியோவில் விவசாயத் தொழிலாளருக்கு ஏனையோருக்கு உள்ள தொழிற்சங்கச் சட்டம் பொருந்தாது. அந்த ஏற்பாட்டை உச்ச நீதிமன்றமும் 2011 இல் ஏற்றுக்கொண்டது. மேலதிக நேரச் சம்பள விதியும் அவர்களுக்கு இல்லை.

இன்னும் நெருக்கமான ஒன்று தேயிலை. எமது வீடுகளில் காலையும் மாலையும் கொதிக்கும் தேநீர், மலையகத்தில் எமது உறவுகள் பறித்த கொழுந்து. ஒரு நாளுக்கு ஆயிரம் ரூபா சம்பளம் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021 இல்தான் வர்த்தமானியில் வந்தது. அதற்குள் ரூபாயின் பெறுமதி இறங்க, அடுத்த கோரிக்கையோடு மீண்டும் வீதிக்கு வர வேண்டியிருந்தது. பெட்டியில் உள்ள சிங்க இலச்சினை, தேயிலை இலங்கையில் விளைந்து அங்கேயே பொதி செய்யப்பட்டது என்பதை மட்டும் உறுதிப்படுத்துகிறது. பறித்தவரின் சம்பளத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. நியாய வணிக முத்திரை ஓரளவு உதவும். அதுவும் முழு விடை அல்ல. ஆனால் "இது எந்தத் தோட்டத்துத் தேயிலை?" என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் கூடினால், இறக்குமதியாளர்களும் அதே கேள்வியை மேலே கேட்கத் தொடங்குவார்கள்.

புறக்கணிப்பு எப்போது பலன் தரும்?

வாங்குபவரின் தெரிவுக்குப் பலம் உண்டு என்பதற்கு வரலாறு இருக்கிறது. கலிபோர்னியாவின் டெலானோவில் 1965 இல் பிலிப்பினோத் தொழிலாளர்கள் தொடங்கி மெக்சிக்கத் தொழிலாளர்கள் இணைந்த திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம், வட அமெரிக்கா முழுவதும் திராட்சைப் புறக்கணிப்பாக மாறியது. 1970 இல் தோட்ட உரிமையாளர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 2014 இல் அமெரிக்காவின் மார்க்கெற் பாஸ்கெற் கடைகளில், தொழிலாளர்களை மதித்து நடத்திய தலைவரை நிர்வாகம் நீக்கியபோது, தொழிலாளர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். வாடிக்கையாளர்கள் வேறு கடையில் வாங்கிய பற்றுச்சீட்டுகளை அக்கடைகளின் கண்ணாடிகளில் ஒட்டினார்கள். சில வாரங்களில் அவர் திரும்ப வந்தார்.

இரண்டிலும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். தொழிலாளர்கள் முன்னால் நின்றார்கள், வாங்குபவர்கள் அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள். 2024 மே மாதத்தில் லொப்லோவுக்கு எதிராக நடந்த புறக்கணிப்பு வேறு வகை. அது விலையேற்றத்தின் மேல் வாங்குபவர்கள் கொண்ட கோபம். அந்தக் கோபம் நியாயமானதுதான். பாண் விலையைக் கூட்டுச் சேர்ந்து ஏற்றியதில் தமக்குப் பங்கிருந்ததை லொப்லோ 2017 இலேயே ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் தொழிலாளர்கள் கேட்காத புறக்கணிப்பில், விற்பனை குறைந்தால் முதலில் வெட்டப்படுவது பகுதிநேரத்தவரின் வேலை நேரமாக இருக்கக்கூடும். ஆகவே ஒரு கடையை விட்டு விலகுமுன், அங்கு வேலை செய்பவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று அறிவதே முறை. அவர்கள் மறியலில் நின்றால் உள்ளே போகாதிருப்போம். அவர்கள் அப்படிக் கேட்காவிட்டால், அங்கேயே வாங்கிக்கொண்டு எமது கேள்வியை முகாமையாளரிடம் கேட்போம்.

எவற்றைக் கவனிக்கலாம்?

கடைக்குப் போகும்போது கண்ணால் பார்க்கக்கூடியவை பல. ஆறு மாதத்துக்கு முன் கண்ட அதே முகங்கள் இருக்கின்றனவா? ஆட்கள் அடிக்கடி மாறும் கடையில் ஏதோ பிழை இருக்கிறது. காசு வாங்குபவருக்கு உட்கார ஒரு கதிரை இருக்கிறதா? ஜேர்மனியிலும் பிரித்தானியாவின் சில கடைகளிலும் காசாளர்கள் உட்கார்ந்தபடி வேலை செய்கிறார்கள், வேலை ஒன்றும் குறையவில்லை. மீன் வெட்டுபவருக்குக் கையுறையும் வழுக்காத சப்பாத்தும் உண்டா? எல்லோருக்கும் முன்னால் ஒருவரை முதலாளி ஏசுகிறாரா?

கேட்டு அறியக்கூடியவையும் உண்டு. அங்கு வேலை செய்யும் உறவினரிடமோ தெரிந்தவரிடமோ, வேலை அட்டவணை எத்தனை நாளுக்கு முன் கிடைக்கிறது, கணக்குத் துண்டு வருகிறதா, சுகமில்லாத நாளில் என்ன சொல்வார்கள் என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும். வேலை செய்பவரை வேலை நேரத்தில், முதலாளிக்கு முன்னால் கேட்டு இக்கட்டில் மாட்டிவிடக்கூடாது.

வீட்டுக்கே சாமான் வரவழைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. செயலி மூலம் கொண்டுவருபவர்களுக்கான ஒன்ராறியோச் சட்டம் 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அது குறைந்தபட்சச் சம்பளத்தை உறுதி செய்வது கையில் ஒரு பொருட்கட்டளை உள்ள நேரத்துக்கு மட்டும். அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும் நேரம் கணக்கில் இல்லை. பனியில் மூன்றாம் மாடிக்கு அரிசி மூட்டை தூக்கி வருபவருக்கு அன்பளிப்புக் கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

எல்லோராலும் எல்லாம் முடியாது. இரண்டு வேலை செய்து வாடகை கட்டும் குடும்பத்திடம், மலிவுக் கடையை விடுங்கள் என்று சொல்ல எமக்கு உரிமையில்லை. அவர்களும் இதே தொழிலாளர்கள்தான். ஆனால் வசதியுள்ளோர் மாதச் செலவின் ஒரு பங்கையாவது தெரிந்தெடுத்த கடைக்கு மாற்றலாம். கோயில் அன்னதானம், கல்யாண வீடு, ஊர்ச் சங்க ஒன்றுகூடல் எல்லாவற்றுக்கும் மொத்தமாகச் சாமான் வாங்குகிறோம். அத்தகைய பெரிய கொள்வனவு செய்யும் அமைப்புகள், "உங்கள் வேலையாட்களுக்குச் சட்டப்படி சம்பளமும் கணக்குத் துண்டும் கொடுக்கிறீர்களா?" என்று கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்கினால், எமது சமூகத்தில் அதைவிடப் பெரிய தாக்கம் வேறெதற்கும் இருக்காது. ஒழுங்காக நடத்தும் கடைக்காரருக்கும் அது உதவி. குறைந்த கூலி கொடுத்து விலையைக் குறைப்பவரோடு போட்டியிட முடியாமல் முதலில் தோற்றுப் போகிறவர் அவர்தான்.

உழைப்பின் விலை என்ன என்பது அகதியாக வந்து வேலை தேடிய எமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அடுத்த சனிக்கிழமை பற்றுச்சீட்டை வாங்கும்போது, அதை நீட்டும் கையையும் ஒருமுறை பார்ப்போம்.